கைடு வைத்த சாணையில் கத்திக்குக் கூர் ஏறுகிறது, பிராட்ஹெட்டுக்கு ஏறமாட்டேன் என்கிறது

#1 · வில்லாளன்

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது வொர்க் ஷார்ப் கைடட் ஃபீல்ட் ஷார்ப்பனர். 220 கிரிட், 600 கிரிட் (எண் கூடினால் பொடி நைசு) என்று இரண்டு வைரத் தகடு, ஒரு செராமிக் கம்பி, கடைசி மெருகுக்கு ஒரு தோல் வார், பிராட்ஹெட்டை, அதாவது வேட்டை அம்பின் அலகு வைத்த முனையைத் திருகிக் கழற்ற ஒரு சாவி, எல்லாம் ஒரே கட்டையில். தகடுகளின் ஓரத்தில் 20 டிகிரி சாய்வாகப் பிளாஸ்டிக் கைடு இருக்கிறது, செராமிக் பக்கம் 25 டிகிரி. கத்தியை அந்தச் சாய்வில் படுக்கவைத்து, கோணம் மாறாமல் தகட்டின் மேல் தள்ள வேண்டும், அவ்வளவுதான் வேலை.

கத்தியில் பிரச்சினையே இல்லை. 420ஹெச்.சி. ஸ்டீல், சீக்கிரமே முன்கை முடியை வழிக்கிறது. அதே தகட்டில் பிராட்ஹெட்டைத் தேய்த்தால் பளபளப்பு ஏறுகிறதே தவிர கூர் ஏறவில்லை. தாளில் வைத்து இழுத்தால் கிழிக்கிறது. என்னிடம் மூன்று வகை இருக்கிறது. ஒன்று இரண்டு அலகு, இரு பக்கமும் சரிவு, எடை 125 கிரெய்ன். இன்னொன்று ஒரு பக்கம் மட்டும் சரிவுள்ள சிங்கிள் பெவல். அப்புறம் ஒரே துண்டாகச் செய்த மூன்று அலகு. மூன்றும் அடம் பிடிக்கின்றன. சீசன் நெருங்குகிறது, யாராவது வழி சொல்லுங்கள்.

#2 · நெறியாளர்

வழக்கமான இரண்டு வேண்டுகோள்கள். வேட்டை சரியா தப்பா என்ற விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போங்கள். கூர் பார்க்கப்போய் விரலை அறுத்துக்கொண்ட படங்களை இங்கே போடாதீர்கள்.

#3 · சாணைக்கல்

வில்லாளன், ஒரு கறுப்பு மார்க்கர் எடுங்கள். சரிவு முழுவதும், வாய் நுனி வரைக்கும் மை பூசுங்கள். 600 தகட்டில் நாலைந்து முறை லேசாகத் தள்ளிவிட்டு வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மை எங்கே போயிருக்கிறது, எங்கே மிச்சம் இருக்கிறது என்று சொல்லுங்கள். மூன்று முனைக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். அதைப் பார்க்காமல் யார் என்ன சொன்னாலும் ஊகம்தான்.

#4 · புதுவரவு

நானும் இதே கருவி வாங்கலாம் என்று இருக்கிறேன். ஒரு அடிப்படைச் சந்தேகம். 20 டிகிரி என்றால் மொத்தமா, ஒரு பக்கத்துக்கா?

#5 · சாணைக்கல்

ஒரு பக்கத்துக்கு. இரு பக்கமும் 20 தீட்டினால் வாயில் மொத்தக் கோணம் 40. பிராட்ஹெட் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை மட்டும் கவனமாகப் படியுங்கள், சில கம்பெனிகள் ஒரு பக்கக் கணக்குப் போடும், சில மொத்தக் கணக்குப் போடும். சிங்கிள் பெவலில் இந்தக் குழப்பம் இல்லை, ஒரு பக்கம்தானே சரிவு, அதுவே மொத்தமும்.

#6 · அரப்பொடி

எதற்கு இவ்வளவு சாமான்? ஒரு நல்ல அரம் போதும். அந்தக் காலத்துப் பேர்போன வில்வேட்டைக்காரர்கள் ஃப்ரெட் பேரும் ஹோவர்ட் ஹில்லும் அரம் போட்ட முனையோடுதான் காட்டுக்குள் போனார்கள். அரம் விட்டுப்போகும் பொடிப்பற்கள் ரம்பம் மாதிரி அறுக்கும். நான் இன்றைக்கும் அப்படித்தான்.

#7 · வில்லாளன்

மை பூசிப் பார்த்துவிட்டேன்.

சிங்கிள் பெவல்: மேல் தோளில், அதாவது வாய்க்கு எதிரே சரிவு தொடங்கும் விளிம்பில் மட்டும் மை போயிருக்கிறது. வாயை ஒட்டி ஒரு கறுப்புக் கோடு அப்படியே நிற்கிறது.

இரண்டு அலகு: குழப்பமாக இருக்கிறது. நுனிப் பக்கம் தோளில் போயிருக்கிறது, பின்பக்கம் வாயோரத்தில் மட்டும் மயிரிழை அளவுக்குப் போயிருக்கிறது. ஒரே முனையில் இரண்டு கோணம்.

மூன்று அலகு: கைடில் எப்படி வைப்பதென்றே தெரியவில்லை. எந்தப் பக்கம் சாய்த்தாலும் இன்னொரு அலகு இடிக்கிறது.

#8 · சாணைக்கல்

சரி, சிங்கிள் பெவலுக்கு விடை கிடைத்துவிட்டது. அதன் சரிவு ஆலையிலேயே 20ஐ விட அதிகம். பெரும்பாலும் 25 முதல் 30க்குள் இருக்கும். நீங்கள் 20ல் தள்ளினால் கல் தோளைத்தான் சுரண்டும். வாயைத் தொட வேண்டுமென்றால் நடுவில் இருக்கும் அவ்வளவு இரும்பையும் தேய்த்தாக வேண்டும். அப்படித் தேய்த்து முடித்தாலும் 20 டிகிரியில் ஒரு பக்கச் சரிவு மட்டும் கொண்ட வாய் எலும்பில் பட்டதும் மடங்கும், இல்லையென்றால் சில்லுத் தெறிக்கும். அந்த முனையை அப்படித் தடிமனாகச் செய்ததே எலும்பைத் தாங்கத்தான். ஆகவே சிங்கிள் பெவலை அந்த 20 கைடு பக்கமே கொண்டுபோகாதீர்கள். எப்படித் தீட்டுவது என்று இரவு விவரமாக எழுதுகிறேன்.

#9 · கோணமானி

இரண்டு அலகு விஷயத்துக்கு நான் வருகிறேன். உங்கள் எதிரி நடுவில் இருக்கும் ஃபெரூல், அதாவது அம்புத் தண்டோடு சேரும் அந்தக் குழல்.

கத்தியின் கன்னம் தட்டை. கைடில் படுக்கவைத்தால் ஒட்டி உட்காரும், 20 என்றால் 20. பிராட்ஹெட்டுக்குத் தட்டையான கன்னம் எங்கே இருக்கிறது? நுனியில் கொஞ்சம் இருக்கிறது, மீதியெல்லாம் குழல். வெட்டும் அகலம் சுமார் 28 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம், பாதி 14. குழல் அலகின் தளத்திலிருந்து 4 மில்லிமீட்டர் புடைத்திருக்கிறது. குழல் கைடின் மேல் உட்கார்ந்தால் அலகு 16 டிகிரிக்கு மேல் கூடுதலாகச் சாயும். 20 என்று நினைத்துத் தள்ளுகிறீர்கள், உண்மையில் 36ல் போகிறது. அதனால்தான் பின்பக்கம் வாயோரத்தில் மட்டும் மை போகிறது. நுனிப்பக்கம் தட்டை உட்காரும்போது மறுபடி 20. கைடு பொய் சொல்லவில்லை, அதன் மேல் எது உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் மாறிக்கொண்டே இருக்கிறது.

#10 · மழைக்காகம்

அடேங்கப்பா. நான் இத்தனை நாள் கம்பெனிக்காரனைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

#11 · வில்லாளன்

தெளிவாகப் புரிந்தது கோணமானி. அப்படியானால் கைடு இல்லாமல் கையாலேயே தீட்ட வேண்டியதுதானா? எனக்குக் கை அவ்வளவு நிலையாக இருக்காது, அதற்காகத்தானே இந்தக் கருவியே வாங்கினேன்.

#12 · சாணைக்கல்

வேண்டியதில்லை. இரண்டு வழி இருக்கிறது.

முதல் வழி, உங்களிடம் இருக்கும் கட்டையை வைத்தே. முனையை ஒரு பழைய தண்டுத் துண்டில் திருகிக்கொள்ளுங்கள், அது கைப்பிடியாக இருக்கும், விரலும் வாயும் தள்ளி இருக்கும். குழல் தகட்டின் பக்கவாட்டு ஓரத்துக்கு வெளியே தொங்கட்டும், அலகு மட்டும் தகட்டின் மேல் படியட்டும். இப்போது கோணத்தைக் கைடு தராது, ஆலைச் சரிவுதான் தரும். சரிவைத் தகட்டின் மேல் லேசாக வைத்து முன்னும் பின்னும் மெல்ல அசைத்தால் தட்டையாக உட்காரும் இடம் விரலுக்குத் தெரியும். அந்த இடத்தில் கையைப் பூட்டிக்கொண்டு தள்ளுங்கள். சரிவு அகலமாக இருக்கிற முனைகளில் இது சுலபம், குறுகலான சரிவில் கொஞ்சம் சிரமம். சிங்கிள் பெவலின் சரிவு பொதுவாக நல்ல அகலம், ஆகவே பயப்படாமல் அதில் ஆரம்பியுங்கள்.

இரண்டாவது வழி, பிராட்ஹெட்டுக்கென்றே இருக்கும் உருளை ஜிக். கே.எம்.இ. போன்ற கம்பெனிகள் விற்கின்றன. முனையை அதில் பூட்டிவிட்டால் பின்னால் இருக்கும் உருளை உருள, அலகு கல்லில் ஓடும், உயரம் மாறாததால் கோணமும் மாறாது. வருடம் முழுக்க பிராட்ஹெட் தீட்டுகிறவர் என்றால் அது லாபம். எப்போதாவது தீட்டுகிறவருக்கு முதல் வழியே போதும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன், பிசிறு. 220ல் ஒரே பக்கத்தை மட்டும் தள்ளிக்கொண்டே இருங்கள். கொஞ்ச நேரத்தில் மறுபக்கம் வாயோரத்தில் ஒரு மெல்லிய இரும்பு விளிம்பு மடிந்து நிற்கும். கட்டைவிரல் ரேகையை முதுகிலிருந்து வாயை நோக்கி, வாய்க்குக் குறுக்காக, மெல்ல நகர்த்தினால் சட்டென்று மாட்டும். வாயின் நீளத்துக்கு ஓட்டாதீர்கள், அறுத்துவிடும். அந்தப் பிசிறு குழல் பக்கத்திலிருந்து நுனி வரை ஓரிடம் விடாமல் இருக்க வேண்டும். அரை விரற்கடை விட்டுப்போனாலும் அந்த இடத்தில் கல் இன்னும் வாய்க்கு வரவில்லை என்று அர்த்தம். முழுசாக வந்த பிறகே மறுபக்கம் திருப்புங்கள். இரு பக்கமும் வந்ததும் 600க்குப் போங்கள், அங்கேயும் அதே கதை, ஆனால் கை எடை குறைய வேண்டும். கடைசியில் ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி, முனையின் சொந்த எடை மட்டும் தகட்டில் இருக்கிற மாதிரி. அப்போதுதான் பிசிறு மெலிந்து உதிரும். அதற்கப்புறம் வார்.

உங்கள் கத்தி வழிக்கிறது, முனை வழிக்கவில்லை என்பதற்குக் கோணம் பாதிக் காரணம், இந்தப் பிசிறு மீதிப் பாதி. பிராட்ஹெட் இரும்பு பலதும் கத்தியை விட மென்மையாக இருக்கும், பிசிறு பெரிதாக வரும், லேசில் போகாது. பளபளப்பாகத் தெரியும், தொட்டால் கூர் மாதிரி இருக்கும், தாளில் வைத்ததும் மடிந்துவிடும்.

#13 · அரப்பொடி

அரத்தில் இந்தத் தொல்லை எல்லாம் கிடையாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன்.

#14 · சாணைக்கல்

அண்ணா, அரத்தை நான் குறை சொல்லவே இல்லை. கல்லையே காணாதது போல் மழுங்கிப்போன மென்மையான முனைக்கு அரம்தான் வேகம். ஆனால் அங்கேயே நிறுத்துவதில்தான் எனக்குத் தகராறு. 1980களில் தென்னாப்பிரிக்காவின் நடாலில் டாக்டர் எட் ஆஷ்பி செய்த ஊடுருவல் சோதனைகளைப் படித்திருப்பீர்கள். சிங்கிள் பெவல், 650 கிரெய்னுக்கு மேல் கனமான அம்பு என்றெல்லாம் இன்று பேசுகிறார்களே, அதற்கு வேர் அங்கேதான். பற்கள் விட்ட வாயையும் மழமழவென்று தீட்டி வாரில் இழுத்த வாயையும் அவர் ஒப்பிட்டு, மழமழப்பான வாய் பக்கம்தான் நின்றார். பொடிப்பற்கள் நார்களையும் முடியையும் மாட்டிக்கொள்ளும், அம்பின் வேகம் அங்கே வீணாகும்.

#15 · தேன்சிட்டு

குறுக்கிடுகிறேன். வேட்டை எனக்குத் தெரியாது, கத்தி மட்டும் தீட்டுவேன், ஆனால் காயங்களைப் பற்றிக் கொஞ்சம் படித்தவள். கூரான கருவி நறுக்கென்று வெட்டிய காயத்தில் ரத்தம் நிறைய வரும். நசுங்கிக் கிழிந்த காயத்தில் குறைவாக வரும், ஏனென்றால் ரத்தக் குழாயின் வாய் நசுங்கி மூடிக்கொள்கிறது, சிதைந்த திசுவிலிருந்து உறைதலைத் தூண்டும் பொருளும் அதிகம் வெளிவருகிறது. அம்பு என்பது அடியின் வேகத்தால் கொல்வதில்லை, ரத்தப் போக்கால்தான் என்று நீங்களே சொல்வீர்கள். அப்படியானால் மழுங்கல் முனை விலங்கை நெடுநேரம் வதைக்கும். என்னைக் கேட்டால் இந்த இழையிலேயே முக்கியமான விஷயம் இதுதான்.

#16 · அரப்பொடி

தேன்சிட்டு சொல்வதை மறுக்க மாட்டேன் அம்மா. அரம் போட்ட பிறகு நானும் தோலில் இழுக்கிறவன்தான். பற்கள் கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும் என்பது மட்டும் என் கட்சி. அதை மாற்றிக்கொள்ளவும் மாட்டேன்.

#17 · மழைக்காகம்

எதற்கு இவ்வளவு பாடு? பெஞ்ச் கிரைண்டரில் ரெண்டு இழுப்பு இழுத்தால் முடிந்தது.

#18 · கோணமானி

முடிந்ததுதான், முனையின் ஆயுள். கார்பன் ஸ்டீலுக்குப் பெரும்பாலும் 200 டிகிரி செல்சியஸைச் சுற்றித்தான் பதம் போடுவார்கள். வாயோரம் தாள் மாதிரி மெல்லியது, கிரைண்டரில் கண் சிமிட்டும் நேரத்தில் அதைத் தாண்டிவிடும். நீல நிறம் தெரிந்தால் அங்கே 300 டிகிரி பக்கம் போய்விட்டது என்று அர்த்தம், கடினம் போனது போனதுதான். பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. நிறம் மாறிய பகுதியை மொத்தமாகத் தேய்த்து எடுத்தால்தான் உண்டு.

#19 · மழைக்காகம்

சரி சரி, கிரைண்டரை மூடி வைத்துவிட்டேன்.

#20 · புதுவரவு

மூன்று அலகு முனையை யாரும் தொடவில்லையே? என்னிடம் இருப்பது அது மட்டும்தான்.

#21 · கோணமானி

அதுதான் எல்லாவற்றிலும் சுலபம், கைடே வேண்டாம். முனையே கைடு. மூன்று அலகில் இரண்டு அலகின் வாயும் ஒரே சமயத்தில் தகட்டில் படுகிற மாதிரி படுக்கவையுங்கள். ஆடாமல் உட்காரும். நுனி முன்னால் பார்க்க, நேராகத் தள்ளி நேராக இழுங்கள். அப்புறம் அடுத்த ஜோடிக்கு உருட்டுங்கள், அப்புறம் மூன்றாவது.

அலகுகள் 120 டிகிரி இடைவெளியில் நிற்பதால் குறுக்குவெட்டு சமபக்க முக்கோணம். ஒவ்வொரு வாயும் அதன் ஒரு மூலை, மூலைக்கோணம் 60, அதாவது பக்கத்துக்கு 30. கத்திக் கணக்கில் இது மொட்டைக் கோணம், ஆனாலும் முடியை வழிக்கிற அளவுக்குத் தீட்ட முடியும். கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. மூன்று முகத்திலும் ஒரே எண்ணிக்கை. ஒரு முகத்தை அதிகம் தேய்த்தால் நுனி மையத்திலிருந்து விலகும், அம்பு பறக்கும்போது அது தெரிந்துவிடும். குழல் புடைத்து வாய் தகட்டில் படாத மாடல்களும் இருக்கின்றன, அவற்றுக்கு இந்த வழி ஒத்துவராது. வாங்கும்போதே ஒரு கண்ணாடித் தட்டில் வைத்துப் பார்த்துவிடுங்கள். தகடும் அகலமாக வேண்டும், வில்லாளனின் கட்டையில் இருப்பது கொஞ்சம் குறுகல், ஒரு முழுநீளக் கல் இருந்தால் நிம்மதி.

#22 · சாணைக்கல்

நேற்று சொன்ன சிங்கிள் பெவல் பாக்கி.

சரிவுள்ள பக்கத்தை மட்டும் தீட்டுங்கள். பிசிறு தட்டைப் பக்கம் வரும். அதை எடுக்கத் தட்டைப் பக்கத்தைக் கல்லோடு ஒட்டப் படுக்கவைத்து இரண்டு மூன்று லேசான இழுப்பு, அவ்வளவே. அங்கே கொஞ்சமாவது தூக்கிப் பிடித்தால் மறுபக்கமும் ஒரு குட்டிச் சரிவு விழும். வேண்டுமென்றே அப்படி ஒரு குட்டிச் சரிவு போடுகிறவர்களும் உண்டு, வாய் பலப்படும் என்பார்கள். ஆனால் முதலில் ஒழுங்காகத் தட்டையாக எடுக்கப் பழகுங்கள்.

இன்னொன்று, சரிவு வலதா இடதா என்று பார்த்து வாங்கினீர்களா? வலது சரிவு முனை உடலுக்குள் போகும்போது வலப்பக்கமாகச் சுழலும். இறகும் வலப்பக்கம் சுழற்றுவதாக இருக்க வேண்டும். மாறிப் போட்டால் காற்றில் ஒரு பக்கம் சுழன்ற அம்பு உள்ளே போனதும் நின்று திரும்பிச் சுழலப் பார்க்கும், வேகம் அதிலேயே செத்துவிடும்.

#23 · வில்லாளன்

இறகு வலது, முனையும் வலது. தப்பித்தேன்.

இப்போதைய நிலவரம்: சிங்கிள் பெவல் வழிக்கிறது! தகட்டின் ஓரத்தில் குழலைத் தொங்கவிட்டதும் சரிவு தானாகவே உட்கார்ந்துகொண்டது. பிசிறு முதலில் நடுவில்தான் வந்தது, நுனியில் வரவே நேரம் பிடித்தது. வார் இழுத்த பிறகு மீதி இருந்த சொரசொரப்பும் போய்விட்டது. இரண்டு அலகு இன்னும் பாதி வழியில் நிற்கிறது, ஒரு பக்கம் வாய் வந்துவிட்டது, மறுபக்கம் தோளில் இன்னும் மை தேய வேண்டியிருக்கிறது. வைரத் தகட்டை அழுத்தித் தேய்த்தால் வேகமாகப் போகுமா?

#24 · சாணைக்கல்

அழுத்தவே அழுத்தாதீர்கள். தகட்டில் வைரத்துகளை நிக்கல் பூச்சுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அழுத்தினால் துகள் பெயர்ந்துவிடும், தகடு செத்துவிடும். புதுத் தகடு முதலில் கொஞ்சம் முரட்டுத்தனமாகக் கீறும், பழகப் பழக அடங்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எண்ணெய் தேவையில்லை, இரண்டு சொட்டுத் தண்ணீர் போதும், உலர்வாகவும் தேய்க்கலாம். இரும்புப் பொடி அடைத்துக்கொண்டால் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேயுங்கள். செராமிக் கம்பிக்கும் அதே ரப்பர்தான். அது சாம்பல் பூத்து வழுக்க ஆரம்பித்தால் வேலை செய்யவில்லை என்று பொருள்.

வாரில் இழுக்கும்போது வாய் எப்போதும் பின்னால், முதுகு முன்னால். தள்ளினால் தோல் அறுந்துவிடும். அழுத்தினால் தோல் குழிந்து வாயைச் சுற்றி மேலே ஏறும், தீட்டிய கூர் உருண்டுபோகும். பச்சைக் குரோமியம் ஆக்சைடு மெழுகு கொஞ்சம் பூசிக்கொள்ளுங்கள்.

#25 · தேன்சிட்டு

கத்திக்காரர்களுக்கு ஒரு கேள்வி. என்னிடம் லான்ஸ்கி, கிளாம்ப் வைத்துக் கம்பியில் கல் ஓடுகிற வகை. 17, 20, 25, 30 என்று நான்கு துளை. வயிறு வளைந்த தோலுரிக்கும் கத்தியை 20ல் தீட்டினால் நேரான பகுதியில் சரிவு ஒரே அகலம், நுனிக்குப் போகப்போக அகலமாகிறது. கிளாம்ப் சரியில்லையா?

#26 · கோணமானி

கிளாம்ப் சரியாகத்தான் இருக்கிறது. இந்தக் கருவிகளின் கணக்கு ரொம்ப அழகானது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கம்பி நுழையும் துளை ஒரு புள்ளி. வாயின் நேரான பகுதி ஒரு கோடு. ஒரு புள்ளியும் ஒரு கோடும் சேர்ந்தால் ஒரே ஒரு தளம்தான் வரும். கல் அந்தத் தளத்திலேயே ஓடுவதால் நேரான வாயில் எங்கே தேய்த்தாலும் கோணம் மாறாது. துளையிலிருந்து தூரம் கூடினால் கோணம் குறையும் என்று பலர் சொல்வார்கள், நேர் வாய்க்கு அது பொருந்தாது.

வாய் வளைய ஆரம்பித்ததும் கோடு மாறுகிறது. வளைவின் ஒவ்வொரு இடத்திலும் வாயைத் தொட்டுப் போகும் ஒரு நேர்கோட்டை மனதில் போடுங்கள். துளைக்கு நேர் கீழே இருக்கும் புள்ளியிலிருந்து அந்தக் கோட்டுக்கு எவ்வளவு தூரம் என்பதுதான் அந்த இடத்தின் கோணத்தைத் தீர்மானிக்கிறது. துளை 3 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது, தூரம் 8 சென்டிமீட்டர் என்றால் கோணம் 20.5 பக்கம். தூரம் 9.5 ஆனால் 17.5. உங்கள் கத்தியில் நுனிப்பக்கம் அந்தத் தூரம் கூடுகிறது, கோணம் குறைகிறது, சரிவு அகலமாகத் தெரிகிறது.

தீர்வு, கிளாம்ப்பை நுனிப்பக்கம் கொஞ்சம் நகர்த்திக் கட்டுவது. வளைவு துளையை மையமாக வைத்துப் போட்ட வட்டத்தின் துண்டு மாதிரி அமைந்துவிட்டால் கோணம் முழுக்க ஒன்றாகவே இருக்கும். ஒவ்வொரு கத்திக்கும் அந்த இடம் வேறு. மார்க்கர் போட்டு, நகர்த்தி நகர்த்திக் கண்டுபிடியுங்கள், கண்டுபிடித்ததும் கத்தி முதுகு கிளாம்ப்பில் எங்கே வருகிறது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை அதே இடத்தில் கட்டாவிட்டால் மறுபடியும் புதுச் சரிவு வெட்டுவதில்தான் போய் முடியும்.

இதே கணக்கால்தான் துளையில் போட்டிருக்கும் 20 என்பது உத்தேசம்தான். அகலமான கத்தியில் வாய் தள்ளி நிற்கும், கோணம் குறையும். குறுகிய பேனாக்கத்தியில் கூடும்.

#27 · தேன்சிட்டு

அருமை. நகர்த்திக் கட்டினேன், நுனி சரியாகிவிட்டது. ஸ்டீல் எஸ்30வி, அதோடு வந்த சாதாரணக் கற்கள் வழுக்கிக்கொண்டே இருந்தன, வைரம் போட்டதும்தான் கடித்தது.

#28 · சாணைக்கல்

இருக்கும். அதில் 4 சதவீதம் வனேடியம். வனேடியம் கார்பைடு, கற்களில் இருக்கும் அலுமினியம் ஆக்சைடை விடக் கடினம். சாதாரணக் கல் சுற்றியிருக்கும் இரும்பைத் தேய்க்கும், கார்பைடு மேடு மேடாக நிற்கும். 420ஹெச்.சி., 1095 மாதிரி இரும்புக்கு எந்தக் கல்லும் சரி.

#29 · புதுவரவு

கூர் வந்துவிட்டதா என்று எதில் பார்ப்பது? முன்கை முடியை வழித்து வழித்து என் கை மொட்டையாகிவிட்டது.

#30 · மழைக்காகம்

தீட்டின மரத்திலேயே பதம் பார்த்த கதை.

#31 · அரப்பொடி

ரப்பர் பேண்ட் தம்பி. இரண்டு ஆணியில் தொய்வாக மாட்டு, ரொம்ப இழுத்துக் கட்டாதே. முனையின் வாயை மேலே வைத்து லேசாக அழுத்தி நகர்த்து. நல்ல கூர் என்றால் தொட்டதும் அறும், மழுங்கல் என்றால் ரப்பரைத் தள்ளிக்கொண்டே போகும். இழுத்துக் கட்டிய ரப்பரை மழுங்கல் கத்தியும் அறுத்துவிடும், அது பரீட்சை ஆகாது. வெளிச்சத்தில் வாயை நேராகக் கண்ணுக்கு எதிரே பிடித்துப் பார்ப்பதும் உண்டு. கூரான வாய் ஒளியைத் திருப்பாது, மின்னுகிற இடமெல்லாம் மொட்டை. இதை அரம் போடுகிறவனும் செய்வான், கல் போடுகிறவனும் செய்வான்.

#32 · கோணமானி

தீட்டிய பிறகு அதை எப்படிக் கெடுக்காமல் வைப்பது என்பதையும் பேசிவிடுவோம். ஃபோம் இலக்கில் ஒரு தடவை எய்தாலே வாய் மங்கும். அம்பறாத்தூணியின் மூடியில் இருக்கும் ஃபோமில் குத்திக் குத்தி எடுத்தாலும் அதேதான். அதே எடையில் ஒரு முனையைப் பயிற்சிக்கென்று ஒதுக்கிவிடுங்கள், அதில் ஒரு கோடு போட்டு வையுங்கள். கார்பன் ஸ்டீல் முனை என்றால் தீட்டிய வாயில் ஈரம் பட்டு ஒரே இரவில் துரு பிடிக்கும், துரு முதலில் தின்பது அந்த மெல்லிய நுனியைத்தான். வாசலின் மெல்லப் பூசினால் போதும். மாற்று அலகு போடும் முனையாக இருந்தால் தீட்டுவதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள், வேட்டைக்குப் புது அலகு, பழையது பயிற்சிக்கு.

#33 · வில்லாளன்

இரண்டு அலகும் முடிந்தது. ரப்பர் பேண்ட் தொட்டதும் அறுகிறது, மூன்று அலகு சுமார்தான், அகலக் கல் வந்ததும் மறுபடி பார்க்கிறேன். தீட்டிய பிறகு தராசில் போட்டேன், 125 கிரெய்ன் முனையில் எடை குறைந்ததாகவே தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. என் கத்தி முதுகில் குடல் கிழிக்கும் கொக்கி ஒன்று இருக்கிறது. அது எந்தக் கைடிலும் நுழையவில்லை. அதை எப்படி?

#34 · தேன்சிட்டு

கூம்பு வடிவ வைரக் கம்பி வாங்குங்கள். கொக்கியின் வளைவை விடக் கொஞ்சம் மெல்லிய இடம் உள்ளே போக வேண்டும், வளைவை விடத் தடித்த கம்பி என்றால் இரண்டு ஓரத்தை மட்டும் தேய்த்து நடுவை விட்டுவிடும். பல கொக்கிகளில் ஒரு பக்கம்தான் சரிவு இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். சரிவுப் பக்கத்திலிருந்து அதே சாய்வில் உள்ளே தள்ளுங்கள், தள்ளும்போதே கம்பியைக் கொஞ்சம் உருட்டினால் ஒரே இடத்தில் பள்ளம் விழாது. தட்டைப் பக்கத்தில் வரும் பிசிறைச் செராமிக் கம்பியை ஒட்டப் படுக்கவைத்து எடுத்துவிடுங்கள். வேலை செய்யும்போது பிரதான வாய் உங்கள் உள்ளங்கைப் பக்கம் இருக்கும், அதன் மேல் ஒரு பழைய தோல் துண்டைச் சுற்றி டேப் ஒட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.

#35 · வில்லாளன்

என் செராமிக் கம்பியிலேயே தூண்டில் முள்ளுக்கென்று ஒரு காடி இருக்கிறதே, அதில் ஆகாதா?

#36 · தேன்சிட்டு

ஆகாது. அது முள் நுனி உட்காரும் குழி, உங்களுக்கு வேண்டியது கொக்கிக்குள் போகும் மேடு. அதே செராமிக் கம்பியின் வழவழப்பான பக்கம் உங்கள் கொக்கிக்குள் நுழைகிறதா என்று முதலில் பாருங்கள். நுழைந்தால் லேசாக மங்கின கூருக்கு அதுவே போதும், வைரக் கம்பி அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.